தட்டு நிறைந்தால் போதுமா?

அன்புள்ள ஐயா,

தானக் கண்களில், மாற்றுச் சிகிச்சைக்காகக் கருவிழியின் நடுப்பகுதியை எடுத்தபின் மிஞ்சும் கழிவு விளிம்பிலிருந்து ஸ்டெம் செல் பிரித்து வளர்க்கிறேன். அதற்கு ட்ரிப்சின், டிஸ்பேஸ் என்ற இரு நொதிகளில் எது நல்லது? இப்போது ஐந்தே நாளில் வளர்ப்புத் தட்டு நிறைந்துவிடுகிறது. இன்னும் வேகப்படுத்த வழி உண்டா?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் 'கழிவு' என்ற சொல்லை அடித்துவிடுங்கள். இறந்தவரின் வீட்டார் அழுகைக்கு நடுவே கையெழுத்துப் போட்டுத் தந்தது அது. உங்கள் நோட்டில்கூட இனி அப்படி எழுதாதீர்கள்.

டிஸ்பேஸ் மேல்தோல் படலத்தை உரித்துத் தரும். ட்ரிப்சின் அதைத் தனித்தனிச் செல்லாக்கும். பலர் இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்துகிறார்கள். சரி, அதை விடுங்கள்.

அந்த ஐந்து நாள்தான் என்னை உறுத்துகிறது. போன வாரம் என் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். ஒன்றில் மூன்று வாரமாக 'நன்றாக வளர்கிறது' என்றே எழுதியிருக்கிறேன். கூழாங்கல் பாவியது போல இருக்க வேண்டிய செல்கள், மீன்கூட்டம் ஒரே திசையில் போவது போல நீளநீளமாகக் கிடந்தன. அது என் கண்ணில் படாமல் இல்லை. எண்ணிக்கை ஏறுகிற மகிழ்ச்சியில் கேட்காமல் விட்டேன். மேல்தோலுக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்ட்ரோமா என்ற இணைப்புத் திசுவை ஒழுங்காகச் சுரண்டி எடுக்கவில்லை, வளர்ந்ததெல்லாம் அந்தத் திசுவின் செல்லான ஃபைப்ரோபிளாஸ்ட். ஒருவர் தந்த கண் அப்படி என் கையில் வீணானது.

மேல்தோல் செல்லே வளர்ந்தாலும் பெருகுவதெல்லாம் ஸ்டெம் செல் ஆகிவிடாது. லிம்பஸில், அதாவது நீங்கள் எடுக்கும் அந்தக் கருவிழி விளிம்பில், ஸ்டெம் செல் எப்போதாவதுதான் இரண்டாகப் பிரிகிறது. மளமளவென்று பிரிவது அதன் வாரிசுகள். சில சுற்றோடு அவை ஓய்ந்துவிடும். தட்டு நிறைந்ததை வைத்து இந்த இரண்டையும் பிரித்தறியவே முடியாது. 1987-இல் ஆய்வாளர்கள் பாரண்டனும் கிரீனும் தோல் செல்களை ஒவ்வொன்றாக வளர்த்து, அதன் சந்ததி எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்துத்தான் நெடுநாள் தாங்குவது ஹோலோகுளோன், இடைப்பட்டது மெரோகுளோன், சீக்கிரம் ஓய்வது பாராகுளோன் என்று வகுத்தார்கள். 2010-இல் வெளியான இத்தாலிய ஆய்வைப் பாருங்கள். லிம்பஸ் பழுதான 112 பேருக்கு வளர்த்த செல்களை வைத்தார்கள். குழுவாக வளரும் செல்களில், ஸ்டெம் செல்லுக்கு அடையாளமான பி63 என்ற புரதம் பளிச்சென்று தெரிபவை 3 சதவீதத்துக்கு மேல் இருந்தபோது 78 சதவீதம் வெற்றி. 3 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால் 11 சதவீதம்தான். எத்தனை செல் இருந்தது என்பதைவிட எந்தச் செல் இருந்தது என்பதே அங்கே முடிவைச் சொன்னது. இதை அறியாமல் வேகம் கேட்கிறீர்களே அம்மா!

இன்றே தட்டை மைக்ராஸ்கோப்பில் வையுங்கள். செல்கள் நீளமாக இருந்தால் அடுத்த விளிம்பை எடுப்பதற்கு முன் ஸ்ட்ரோமாவைச் சுரண்டப் பழகுங்கள். கூழாங்கல் போல இருந்தால் பி63-க்குச் சாயமேற்றிப் பாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், படமும் அனுப்புங்கள்.