ஐந்தாவது நண்பர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வேலை தேடி இந்த ஊருக்கு வந்த காலத்தில் ஒரே அறையில் தங்கியிருந்த ஐந்து பேர் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறோம். கொஞ்ச காலமாக எங்கள் பேச்சு முழுக்க விடுகதைகளும் சொற்புதிர்களும்தான். காளமேகத்தின் சிலேடைகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து பிடித்துக்கொண்ட ஆர்வம் இது.

ஆனால் இப்போது ஒரு சங்கடம். எங்களில் ஒருவன், புதிரைச் சொல்லி முடிப்பதற்குள் செல்போனில் தேடி விடையைச் சொல்லிவிடுகிறான். இன்னொருவன் எம்.ஏ. தமிழ் படித்தவன். எந்தத் தனிப்பாடலைச் சொன்னாலும் முதல் அடியிலேயே விடை வந்துவிடும். மூன்றாமவன் கட்டிங் மாஸ்டர். தாராபுரம் பக்கம், அமராவதிப் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம். அவன் ஒருமுறைகூட விடை சொன்னதில்லை. "எனக்கு இந்த மூளையெல்லாம் கிடையாதுடா, நீங்க பேசுங்க" என்று சொல்லிவிட்டு வருவதையே நிறுத்திவிட்டான்.

அவனுக்காகச் சுலபமான விடுகதைகளாகப் பார்த்து எடுக்கலாமா? இல்லை, இதை விட்டுவிட்டு முன்பு போலக் கிரிக்கெட் பேசலாமா?

அன்புடன்,
திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சுலபமான விடுகதைகள் வேண்டாம். தனக்காகத்தான் இறக்கிப் போடுகிறார்கள் என்பது முதல் விடுகதையிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். ஏற்கெனவே மனம் நொந்து போனவரை அது இன்னும் நோகடிக்கும். விளையாட்டையும் நிறுத்த வேண்டாம். நீங்கள் விளையாடும் முறையை மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன்.

ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். உங்கள் எம்.ஏ. நண்பருக்கு இது நிச்சயம் தெரிந்திருக்கும்.

மரமது மரத்தில் ஏறி
மரமதைத் தோளில் வைத்து
மரமது மரத்தைக் கண்டு
மரத்தினால் மரத்தைக் குத்தி
மரமது வழியே சென்று
வளமனைக் கேகும் போது
மரமது கண்ட மாதர்
மரமுடன் மரம்எ டுத்தார்

எட்டு வரியில் இத்தனை மரங்கள். எங்கள் வட்டத்தில் ஒரு நண்பர் இதைச் சொன்னபோது மற்ற யாருக்கும் விடை தெரியாது. குரங்கு என்றார் ஒருவர். படகு என்றார் இன்னொருவர். தச்சன் என்று ஒரு கட்சி கிளம்பி நெடுநேரம் வாதாடியது. அப்புறம் பேசாமல் இருந்த ஒருவர், "அந்த மரத்த விடுங்க. தோள்ல வெச்சுட்டுப் போய் குத்துறது என்ன?" என்று கேட்டார். ஈட்டி, கத்தி என்று போய் வேல் என்ற சொல் விழுந்தது. வேல மரம்! அந்தக் கணத்தில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். மரத்தின் பெயருக்குள் வேறொரு பொருள் ஒளிந்திருக்கிறது என்பது பிடிபட்டுவிட்டது.

வேலால் குத்துவது எதை? காட்டுப்பன்றி, மான் என்று அடுக்கினோம். எங்களில் ஒருவர் மரவாடி வைத்திருப்பவர். இலக்கியம் பக்கம் வராதவர். தேக்கு, கோங்கு, மருது என்று தன் கடைச் சரக்கை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து, வேங்கை என்றதும் தானே நின்றுவிட்டார். வேங்கை மரமும் உண்டு, வேங்கைப் புலியும் உண்டு. தினமும் அறுத்து விற்கிற மரம் அது. எங்களுக்கெல்லாம் வேங்கை என்றால் புலிதான். மரம் என்ற நினைப்பே கிடையாது.

வேலோடு போய்ப் புலியைக் குத்துகிறவன் யார்? அரசன். அரச மரம். அவன் ஏறியது மா. மாமரம், அதாவது குதிரை. கடைசி அடி மட்டும் மசியவில்லை. ஜெயித்து அரண்மனைக்கு வரும் அரசனைக் கண்டு பெண்கள் மரத்தோடு மரம் எடுத்தார்களாம். உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்த நண்பரின் அம்மா, "ஜெயிச்சுட்டு வந்தா வாசல்ல ஆலத்தி எடுக்க மாட்டாங்களா?" என்றார். ஆல், அத்தி. ஆலத்தி. மாடி அதிரும்படி ஒரு கூச்சல் போட்டோம்.

இந்தப் பாட்டை அந்தக் கூட்டத்தில் தனியாக யாரும் அவிழ்த்திருக்க முடியாது. வேங்கை மரவாடிக்காரரிடம் இருந்தது, ஆலத்தி அந்த அம்மாவிடம் இருந்தது. ஒரு மொழியின் சொற்கள் எல்லாம் ஒரே ஆளிடம் இருப்பதில்லை. வயலில் நிற்பவரிடம் சில, அடுப்படியில் சில, பட்டறையில் சில, பாடப் புத்தகம் படித்தவரிடம் சில என்று சிதறிக் கிடக்கின்றன. நம் சொற்புதிர்கள் அவற்றை ஓர் இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கின்றன. எனக்கு இந்த விளையாட்டில் இத்தனை ஈடுபாடு வந்ததற்குக் காரணமே அதுதான்.

அந்த மாலையில் கற்றுக்கொண்ட இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிரில் பெயர்ச்சொல் ஏமாற்றும், வினைச்சொல் பெரும்பாலும் ஏமாற்றாது. ஏறி, தோளில் வைத்து, குத்தி, எடுத்தார் என்பவை எல்லாம் நேர் பொருளிலேயே நின்றன. மரம் மட்டும்தான் வேடம் போட்டது. எனவே செய்கையைப் பிடித்துக்கொண்டு போனால் பெயர் தானாக வரும். காளமேகத்திடம் மட்டும் இது செல்லாது. பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடையாக "ஆடிக் குடத்தடையும்" என்று தொடங்குவார். பாம்பு ஆடி முடித்துக் குடத்துக்குள் போகிறது. எள் செக்கில் ஆட்டப்பட்டு எண்ணெயாகிக் குடத்துக்குள் போகிறது. அங்கே வினையே இரட்டை வேடம் போடுகிறது.

சரி, செல்போன். தேடிக் கண்டுபிடிப்பவரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவரும் ஆர்வத்தில்தான் தேடுகிறார். ஒரே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். விடை தெரிந்தவர், எப்படித் தெரிந்துகொண்டிருந்தாலும், அதைச் சொல்லக் கூடாது. மற்றவர்களிடம் கேள்வி மட்டும் கேட்கலாம். "குத்துறது என்ன?" என்பது போன்ற கேள்வி. இதைச் செய்து பாருங்கள், விடை சொல்வதைவிடக் கடினமான வேலை இது. விடை வெளிப்படாமலும் வழி மூடிப்போகாமலும் ஒரு கேள்வியைச் சரியாக அளந்து கேட்பதற்கு, அந்தப் பாட்டை முழுக்க உள்வாங்கியிருக்க வேண்டும். உங்கள் எம்.ஏ. நண்பரின் படிப்புக்கு அங்கேதான் நல்ல வேலை இருக்கிறது. விடையை முதல் அடியில் சொல்லி முடித்துவிட்டால் மிச்சப் பாட்டு வீணாகிவிடுகிறதே.

இன்னொன்று, புதிரை வாட்ஸப்பில் அனுப்பிப் படிக்க வைக்காதீர்கள். வாயால் சொல்லுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். தமிழ்ச் சொற்புதிர் காதில்தான் இருக்கிறது. காளமேகத்தின் இந்த வெண்பாவை யாராவது உரக்கச் சொல்லட்டும்.

முக்காலுக் கேகாமுன் முன்னரையில் வீழாமுன்
அக்கா லரைக்கால்கண் டஞ்சாமுன் - விக்கி
இருமாமுன் மாகாணிக் கேகாமுன் கச்சி
ஒருமாவின் கீழரையின் றோது

கோல் ஊன்றி மூன்று காலாக நடப்பதற்கு முன், நரை விழும் முன், காலனின் ஆட்களைக் கண்டு அஞ்சும் முன், விக்கலும் இருமலும் வரும் முன், சுடுகாட்டுக்குப் போகும் முன், காஞ்சிபுரத்தில் ஒற்றை மாமரத்தின் கீழ் இருக்கும் ஏகாம்பரநாதரை இன்றே பாடு என்பது பொருள். இதற்குள் பழைய பின்னக் கணக்கு இருக்கிறது. முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா, கீழரை. வெறுமனே இருப்பதுமில்லை, பெரியதிலிருந்து சிறியதாக இறங்குவரிசையில் இருக்கிறது. ஒரு மா என்பது 20இல் ஒரு பங்கு. இருமா 10இல் ஒன்று. மாகாணி 16இல் ஒன்று. ஆயுள் குறைந்துகொண்டே வருவதைச் சொல்லும் பாட்டில் எண்ணும் குறைந்துகொண்டே வருகிறது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு இந்த இடத்தில் சிலிர்க்கும்.

இப்போது "இருமாமுன்" என்பதைப் பாருங்கள். இருமா, முன் என்று இடைவெளி விட்டு அச்சிட்டால் கணக்கு மட்டும் தெரியும். சேர்த்து அச்சிட்டால் இருமல் மட்டும் தெரியும். காதில் விழும்போது இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கின்றன. அச்சில் ஒவ்வோர் இடைவெளியும் ஒரு முடிவை நமக்காக எடுத்துவிடுகிறது. ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து கேட்கும்போது ஒருவருக்கு இருமல் கேட்கும், இன்னொருவருக்கு எண் கேட்கும். இருவரும் சொல்லிக்கொண்டால் பாட்டு முழுதாகிவிடும்.

இந்தப் பாட்டுக்கு வயதானவர் ஒருவரையும் மாடிக்கு ஏற்றி உட்கார வையுங்கள். 1957இல் நயா பைசா வரும்வரை ரூபாய்க்கு 16 அணா. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு மாகாணியும் அரைக்காலும் வாய்ப்பாடாக மனப்பாடம். நாம் அகராதியில் தேட வேண்டியதை அவர்கள் நாக்கிலிருந்து எடுத்துத் தருவார்கள்.

இனி, வராமல் போன உங்கள் நண்பர்.

பிசி என்ற பெயரில் விடுகதையைப் பற்றித் தொல்காப்பியம் செய்யுளியலிலேயே பேசுகிறது. உவமையாக வருவது, பொருளின் தன்மைகளைச் சொல்லி அதைத் துணிய வைப்பது என்று அதில் இரண்டு வகை. நீங்கள் மாடியில் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் புலவர்களின் சொல் விளையாட்டு. ஆனால் "கந்தல் துணிக்காரி, முத்துப் பிள்ளை பெற்றாள்" என்பதை எடுங்கள். சோளக்கதிர். இதை அவிழ்க்க இலக்கணம் வேண்டாம், காய்ந்த தோகை காற்றில் கிழிந்து தொங்குவதைப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கண் உங்கள் எம்.ஏ. நண்பரிடம் இருக்க வாய்ப்பு குறைவு. தாராபுரத்துக்காரரிடம் நிச்சயம் இருக்கும். கிராமத்து விடுகதையைச் சிறுபிள்ளை விளையாட்டு என்றும் சிலேடை வெண்பாவைப் பெரிய சங்கதி என்றும் நாம் பிரித்து வைத்திருப்பது எனக்குச் சம்மதமில்லை. பார்க்கத் தெரிந்த மூளையும் மூளைதான்.

இரண்டும் சேரும் இடமும் உண்டு. கம்பர் ஔவையாரிடம் "ஒரு காலில் நாலிலைப் பந்தலடி" என்று விடுகதை போட்டதாகக் கதை. அவர் "எட்டேகால் லட்சணமே" என்று தொடங்கி, "ஆரையடா" என்பதில் விடையை வைத்துப் பாடியதாகச் சொல்வார்கள். தமிழ் எண்ணில் எட்டு என்பது அ, கால் என்பது வ. எட்டேகால் லட்சணம் என்றால் அவலட்சணம். அந்த "அடி"க்கு நல்ல பதிலடி. இந்தப் பகுதியை எம்.ஏ. நண்பர் அழகாக விளக்குவார். ஆனால் ஆரை என்பது என்ன? ஒற்றைத் தண்டின் நுனியில் நான்கு இலைகள் விரிந்து நிற்கும் கீரை. நெல் வயலிலும் வாய்க்கால் ஓரத்து ஈரத்திலும் முளைக்கும். ஔவையாரின் பதிலை மனப்பாடமாகச் சொல்கிற பலர் அந்தக் கீரையைக் கண்ணால் பார்த்ததில்லை. அமராவதிப் பாசனத்தில் வளர்ந்தவர் அதை மிதித்துக்கொண்டு நடந்திருப்பார், குழம்பிலும் தின்றிருப்பார். பந்தல் என்று ஏன் சொன்னார்கள் என்பது அந்த இலையைப் பார்த்தவருக்குத்தான் புரியும்.

அவரிடம் போய் விடை கேட்காதீர்கள். விடுகதை கேளுங்கள். வீட்டில் அம்மாவும் பாட்டியும் போட்ட விடுகதைகள் இரண்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அவர் போடட்டும், நீங்கள் நால்வரும் திணறுங்கள். செல்போன்காரர் தேடினாலும் கிடைக்காத விடுகதைகளாக அவை இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு வாரமும் போடுகிறவர் மாறட்டும். போடுகிற முறை வந்தவருக்கு அன்றைக்கு விடை சொல்ல வேண்டிய கவலையே கிடையாது. நீங்களே நேரில் போய்க் கூப்பிடுங்கள். குழுவில் செய்தி போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள்.

உங்களுக்காக நான் கட்டிய ஒரு புதிரை இத்துடன் வைக்கிறேன். முதல் நான்கையும் மாடியில் அவிழ்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாவதை அவர் வீட்டு வாசலில் போய்ச் சொல்லுங்கள்.

நாலெழுத்துச் சொற்கள் ஐந்து. முதலெழுத்து மட்டும் மாறும், மற்ற மூன்றும் மாறாது. ஒன்று வயலில் நிமிர்ந்து நிற்கும். ஒன்று உலையில் கிடந்து சிவக்கும். ஒன்று கொடியில் காத்திருக்கும். ஒன்று கண்ணில் விழுந்தால் கலங்க வைக்கும். ஐந்தாவது, கோபித்துக்கொண்டு போன நண்பனிடம் சொல்வது.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளன்