முடியின் பின்னால் விழும் பட்டைகள்: எதுவரை அலை, எங்கிருந்து குவாண்டம்?

காவேரிப்பட்டணத்திலிருந்து நாள்தோறும் கிருஷ்ணகிரிக்குச் சென்று பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் மூன்று ஐயங்களை எழுதியனுப்பியிருக்கிறார். இரவில் மின்சாரம் நின்றிருந்த நேரத்தில் தம் தலைமுடி ஒன்றை 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் விளக்கின் வாயில் ஒட்டி, 3 மீட்டர் தள்ளியிருந்த சுவரில் விழுந்த பட்டைகளை அளந்திருக்கிறார். நடுப்பட்டை 55 மில்லிமீட்டர் அகலம் இருந்தது. அதிலிருந்து முடியின் தடிமன் 35 மைக்ரோமீட்டர் என்று கணக்கு வந்தது. கல்லூரியின் திருகு அளவியோ 0.07 மில்லிமீட்டர் காட்டியது. பிழை எங்கே என்பது முதல் ஐயம். இந்தப் பட்டைகளே குவாண்டம் இயற்பியலுக்குச் சான்று என்கிறார் தோழி, இது வெறும் அலை என்கிறார் ஆசிரியர். யார் சொல்வது சரி என்பது இரண்டாவது. எலக்ட்ரானுக்கு அலைப்பண்பு உண்டென்றால் தோட்டத்தில் உதிரும் மாங்காய்க்கு ஏன் தெரியவில்லை, அதற்குத் தேர்வில் என்ன எழுதுவது என்பது மூன்றாவது.

முதலில் அளவீடு. உங்கள் ஆய்வில் குறையில்லை, சூத்திரத்தில் எதை இட வேண்டும் என்பதில்தான் சறுக்கல். ஒரு முடி தரும் விளிம்பு விளைவுப் பட்டைகளும் (தடையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவதால் விழுபவை) அதே அகலமுள்ள ஒற்றைப் பிளவு தரும் பட்டைகளும், கற்றை நேராகச் செல்லும் திசை ஒன்றைத் தவிர, ஒன்றுபோலவே இருக்கும். இதற்குப் பாபினே தத்துவம் என்று பெயர். அடுத்தடுத்த இரு கருமைப் புள்ளிகளுக்கு இடையேயுள்ள தொலைவு, அலைநீளத்தைச் சுவரின் தொலைவால் பெருக்கித் தடிமனால் வகுத்தால் கிடைப்பது. ஆனால் நடுப்பட்டை மட்டும் இடப்பக்க முதல் கருமையிலிருந்து வலப்பக்க முதல் கருமை வரை பரவியிருப்பதால், அது மற்றப் பட்டைகளைப்போல இரு மடங்கு அகலமானது. நீங்கள் 55 மில்லிமீட்டரை ஓர் இடைவெளியாகக் கொண்டுவிட்டீர்கள்; அது இரண்டு இடைவெளி. 27.5 என்று இட்டால் தடிமன் சுமார் 71 மைக்ரோமீட்டர் என வரும், திருகு அளவியோடு ஒத்துப்போகும். இனி அளக்கும்போது இடப்பக்க மூன்றாம் கருமையிலிருந்து வலப்பக்க மூன்றாம் கருமை வரை அளந்து 6-ஆல் வகுத்துப் பாருங்கள். நடுவில் லேசரின் கூசும் ஒளியால் நேரும் பிழை பெரிதும் குறையும். மீச்சிற்றளவு 0.01 மில்லிமீட்டர் உள்ள திருகு அளவியைவிட உங்கள் சுவர் நுட்பமான கருவி என்பதையும் கவனியுங்கள். கற்றையை மட்டும் நேராகக் கண்ணால் பார்க்க வேண்டாம். மலிவான பச்சை லேசர் விளக்குகளில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரும் கலந்து வருவதுண்டு என்பதால் சிவப்பே போதும்.

இரண்டாவது ஐயத்தில் உங்கள் ஆசிரியர் சொல்வதே சரி. ஒளி இரு வழிகளில் வந்து ஓரிடத்தில் கூடும்போது முகடும் முகடும் சேர்ந்தால் பொலிவு, முகடும் அகடும் சேர்ந்தால் கருமை என்பது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தாமஸ் யங் காட்டிய செய்தி. அதற்குக் குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலி தேவையில்லை. உங்கள் கணக்கில் அந்த மாறிலி எங்குமே வரவில்லை என்பதே போதுமான சான்று.

தோழியின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. உங்கள் லேசரின் திறன் 1 மில்லிவாட் என்று கொள்வோம். 650 நானோமீட்டர் ஃபோட்டான் (ஒளித்துகள்) ஒன்றின் ஆற்றல் ஏறத்தாழ 3.06 × 10⁻¹⁹ ஜூல்; ஆகவே விநாடிக்குச் சுமார் 3.3 × 10¹⁵ ஃபோட்டான்கள் புறப்படுகின்றன. சுவரை அடைய ஒளிக்கு 10 நானோவிநாடி ஆகிறது. அப்படியானால் எந்தக் கணத்திலும் முடிக்கும் சுவருக்கும் இடையே 3 கோடிக்கு மேற்பட்ட ஃபோட்டான்கள் வழியில் இருக்கின்றன. இத்தனை கோடி பேர் நெருக்கியடித்துச் செல்லும்போது ஒன்றையொன்று மோதித் தள்ளித்தான் பட்டைகள் உண்டாகின்றனவோ என்று ஒருவர் ஐயுறலாம். 1909-இல் ஜி. ஐ. டெய்லர் அதைத்தான் சோதித்தார். அவர் எடுத்துக்கொண்டது உங்கள் முடியைப் போன்ற ஒரு தையல் ஊசி. ஒளியை மிகமிக மங்கலாக்கி, மாதக்கணக்கில் புகைப்படத் தகட்டில் விழவிட்டார். பட்டைகள் சற்றும் மாறவில்லை. ஆயினும் மங்கலான ஒளி என்பதாலேயே அது தனித்தனி ஃபோட்டான் ஆகிவிடாது. ஒளியை அலையாகவே வைத்துக்கொண்டு, அதை வாங்கும் அணுவை மட்டும் குவாண்டமாகக் கொண்டும் டெய்லரின் முடிவை விளக்கிவிடலாம். உண்மையிலேயே ஒற்றை ஃபோட்டானைக் கொண்டு குறுக்கீட்டை, அதாவது பொலிவும் கருமையுமான பட்டைகளை, காட்டியவர்கள் கிராஞ்சியே, ரோஜர், ஆஸ்பே ஆகிய மூவர், 1986-இல். பாடநூல்கள் பலவும் இந்த வேறுபாட்டைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன.

எலக்ட்ரானில் இது இன்னும் தெளிவு. டி ப்ராய் 1924-இல் முன்வைத்த பருப்பொருள் அலையை 1927-இல் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தில் கண்டார்கள்: 54 வோல்ட் முடுக்கத்தில் கணக்கு 1.67 ஆங்ஸ்ட்ராம், அளவீடு 1.65. 1989-இல் டோனோமுராவும் உடன் பணியாற்றியோரும் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பிப் படம்பிடித்தார்கள். ஒவ்வொன்றும் திரையில் ஒரே ஒரு புள்ளியாகவே விழுந்தது. தொடக்கத்தில் ஒழுங்கேதும் தெரியவில்லை. புள்ளிகள் பல்லாயிரமாகப் பெருகிய பிறகு பட்டைகள் எழுந்தன. குவாண்டம் தொடங்குவது இங்கேதான். புள்ளியாகப் பதிவாவது துகள். எந்த இடத்தில் எத்தனை புள்ளி விழும் என்பதை முடிவுசெய்வது அலை. அந்த அலையின் வீச்சை இருமடியாக்கினால், அதாவது அதை அதனாலேயே பெருக்கினால், நிகழ்தகவு கிடைக்கும் என்று 1926-இல் மாக்ஸ் போர்ன் வகுத்தார்.

இந்த விதியை எண்களால் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். அருகருகே இரண்டு பிளவுகள் உள்ள ஒரு தடுப்பை எலக்ட்ரான் கடப்பதாகக் கொள்வோம். ஒரு பிளவு மட்டும் திறந்திருந்தால் வீச்சு 1, நிகழ்தகவும் 1. இரண்டும் திறந்திருந்தால் முதலில் வீச்சுகளைக் கூட்டி, பிறகு இருமடியாக்க வேண்டும்: பொலிவில் 2-இன் இருமடி 4, கருமையில் 1-இலிருந்து 1 போக 0. சராசரி 2 என்பதால் எதுவும் தொலையவும் இல்லை, புதிதாக வரவும் இல்லை. எந்தப் பிளவு வழியே சென்றது என்ற தடயம் எங்கேனும் பதிவாகிவிட்டால், இருமடியாக்கிய பிறகே கூட்ட வேண்டும். அப்போது எங்கும் 2, பட்டையே இல்லை. அந்தத் தடயத்தை மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வழியில் மோதிய ஒரு காற்று மூலக்கூறில் அது பதிந்திருந்தாலும் போதும். பார்ப்பவரின் மனம்தான் எலக்ட்ரானை மாற்றுகிறது என்று காணொளிகளில் சொல்லப்படுவதை விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள்.

இனி மாங்காய். 300 கிராம் எடையுள்ள ஒரு பெங்களூரா வகை மாங்காய் விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் விழுவதாகக் கொண்டால் அதன் உந்தம் 3 அலகு. பிளாங்க் மாறிலியை அதனால் வகுத்தால் அலைநீளம் 2.2 × 10⁻³⁴ மீட்டர். அணுக்கருவின் அளவே 10⁻¹⁵ மீட்டர் என்னும்போது, இந்த அலைநீளத்துக்கு ஏற்ற பிளவை எவராலும் செய்ய முடியாது. இவ்வளவும் பெரும்பாலோர் சரியாகவே எழுதுகிறார்கள். அடுத்த வரியில்தான் தவறுகிறார்கள்: "அலைநீளம் பொருளின் அளவைவிடச் சிறியது, ஆகவே அலைப்பண்பு இல்லை." 1999-இல் வியன்னாவில் 60 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீன் மூலக்கூறுகளுக்கு விளிம்பு விளைவு காட்டப்பட்டபோது அவற்றின் அலைநீளம் சுமார் 2.5 பிக்கோமீட்டர், அது மூலக்கூறின் அளவைவிடச் சில நூறு மடங்கு சிறியது. இருந்தும் பட்டைகள் தோன்றின. ஒப்பிட வேண்டியது அலைநீளத்தையும் பொருளின் பருமனையும் அல்ல. அலைநீளத்தையும் அது கடக்கும் பிளவையும் திரையின் தொலைவையும்தான், ஏனெனில் விரியும் கோணம் அலைநீளத்தைப் பிளவின் அகலத்தால் வகுத்தால் கிடைப்பது.

இதனோடு இரண்டாவது காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். கிளையிலிருந்து தரைக்கு வருவதற்குள் மாங்காயின் மேல் எண்ணற்ற காற்று மூலக்கூறுகள் மோதுகின்றன, வெயில் பட்டுச் சிதறுகிறது, அதன் தோலே வெப்பக் கதிரை உமிழ்கிறது. இவை ஒவ்வொன்றும் அது இருக்கும் இடத்தின் தடயத்தைச் சுமந்து செல்வதால், முன் சொன்ன கணக்குப்படி வீச்சுகளைக் கூட்டும் வாய்ப்பே எழுவதில்லை. வியன்னாவில் ஆய்வு வெற்றிடத்தில் நடந்ததும் இதனாலேயே. ஐந்து மதிப்பெண் வினா என்றால் அலைநீளக் கணக்குக்கு நான்கு வரி, விரியும் கோணத்துக்கு இரண்டு வரி, சூழலில் பதியும் தடயத்துக்கு மூன்று வரி ஒதுக்குங்கள். மாங்காயின் எடையை மட்டும் கிலோகிராமுக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள்.