நீலகிரியில் அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. கொய்மலர் போட்டால் லாபம் வருமா?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா தாண்டிப் போக முடியவில்லை. நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் இருக்கிறீர்கள், அப்பா வழியில் ஒரு துண்டு நிலம் வந்திருக்கிறது, யூடியூபில் யாரோ கார்னேஷன் பூக்கட்டை (பூங்கொத்துக்கும் அலங்காரத்துக்கும் நீளக் காம்போடு வெட்டி விற்கிற கொய்மலர் அது) கையில் வைத்துக்கொண்டு 'மாசம் லட்ச ரூபா' என்று சொன்னதைக் கேட்டிருக்கிறீர்கள். இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பென்றால் மன்னிக்கவும். பூ வளர்க்க நான் போட்டிருக்கிற பாலித்தீன் கூடாரத்தை, அதாவது பாலிஹவுஸைப் பார்க்க வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்தக் கதைதான்.

நான் கோத்தகிரி பக்கம். அப்பா காலத்தில் முழுக்கத் தேயிலை. 2000 வாக்கில் பச்சைத் தேயிலை விலை படுத்துவிட்டது. இலை பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கம் ஒவ்வொருத்தராகப் பூவுக்கு வந்தார்கள். நாங்கள் 2012இல் 1000 சதுர மீட்டர் பாலிஹவுஸ் போட்டோம், கிட்டத்தட்ட 25 சென்ட். இருபதாயிரம் கார்னேஷன் நாற்று பிடித்தது. அரசு மானியம் பாதி கிடைக்கும் என்பார்கள். கிடைக்கும். ஆனால் உங்கள் செலவில் பாதி கிடையாது, அதிகாரிகள் போட்டு வைத்திருக்கும் மதிப்பில் பாதி. அதுவும் நீங்கள் கட்டி முடித்து, அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு.

கார்னேஷனுக்குக் குளிர் வேண்டும் என்பது நிஜம். ராத்திரி 10, 12 டிகிரி, பகலில் 20ஐ ஒட்டி இருந்தால் காம்பு உரமாக வரும், பூவும் பெரிதாக இருக்கும். ஆனால் எங்கள் ஊர்க் குளிர் அளந்து வைத்த குளிர் இல்லை. டிசம்பர், ஜனவரியில் வானம் துடைத்த மாதிரி இருக்கும். ராத்திரி உறைபனி, பகல் 11 மணிக்கு பாலிஹவுஸுக்குள் சட்டையைக் கழற்ற வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்தில் பூவின் அடியில் இருக்கிற பச்சைக் குவளை ஒரு பக்கம் வெடித்து, இதழ் விலாப்பக்கமாகப் பிதுங்கிவிடும். அப்படி வெடித்த பூ செகண்ட் கிரேடு, பாதி விலை. அம்மா காலையில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வெடிக்கப் போகிற மொட்டாகப் பார்த்துப் பார்த்து குட்டி ரப்பர் பேண்ட் மாட்டுவார். விரல் நுனி விறைத்துப் போய், அடுப்பில் காட்டிவிட்டு வந்து மறுபடி மாட்டுவார். மதியத்துக்குள் ஆயிரம் மொட்டு முடிந்தால் பெரிய விஷயம். வீடியோக்காரர் இதைக் காட்டமாட்டார்.

சாயந்திரம் 4 மணிக்கே பக்கத் திரையை இறக்க வேண்டும். காலையில் கொஞ்சம் லேட்டாகத் தூக்கினாலும் போச்சு. பாலித்தீன் ஷீட்டில் கோத்திருக்கிற பனித்தண்ணீர் பூ மேல் சொட்டி, இரண்டு நாளில் சாம்பல் பூஞ்சணம் பிடிக்கும்.

இதெல்லாம்கூடக் கற்றுக்கொள்ளலாம், நானே கற்றுக்கொண்டேன். என்னைக் கவிழ்த்தது விற்பனை.

2014 தை மாத முகூர்த்தத்துக்கு 60 கட்டு அனுப்பினேன், கட்டுக்கு 20 பூ. கோயம்பேட்டில் ஒரு அண்ணாச்சிக்கு. மறுநாள் போன்: "தம்பி, பூ எல்லாம் கூம்பிப் போச்சு. இருபது கட்டுக்குத்தான் காசு போடுவேன்." எனக்கு ரத்தம் கொதித்தது. காலையில் என் கையால் வெட்டிய பூ, எப்படிக் கூம்பும்? விலை ஏறினால் இந்த மாதிரிக் கதை சொல்வார்கள் என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். அவர் அனுப்பிய போட்டோவைப் பார்த்து, இது பழைய பூ என்று சண்டை போட்டேன். அடுத்த இரண்டு தடவையும் அதே கதை. வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு, இனி உங்களுக்குப் பூ கிடையாது என்று போனை வைத்தேன்.

வேறு வியாபாரிக்கு அனுப்பினால் அங்கேயும் அதே புகார். சரி, ஒரு தடவை நாமே கூடப் போவோம் என்று வண்டியில் ஏறினேன். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஒன்றுமில்லை. அங்கே லாரி மாற்றும்போதுதான் பார்த்தேன். என் அட்டைப் பெட்டிகளை அடுக்கிவிட்டு, மிச்ச இடத்தில் பழுக்க ஆரம்பித்த வாழைத்தார். தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். ராத்திரி முழுக்க என் பூவும் வாழைப்பழமும் ஒரே போர்வைக்குள்.

பழுக்கிற பழம் எத்திலீன் வாயு விடும். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு இருந்தாலே கார்னேஷனுக்குப் போதும், இதழ் உள்பக்கமாகச் சுருண்டு தூங்கிவிடும், பிறகு எந்தத் தண்ணீரில் வைத்தாலும் எழாது. இப்போது வெட்டியவுடன் காம்பை, எத்திலீன் பூவைத் தாக்காமல் தடுக்கிற சில்வர் தயோசல்பேட் கரைசலில் நிறுத்திவிட்டுத்தான் பேக் பண்ணுகிறேன், வாழைத்தார் ஏற்றுகிற லாரிக்குக் கொடுப்பதுமில்லை. இதைச் சொன்னால் 'இதுகூடத் தெரியாமலா பூ போட்டாய்' என்று கமெண்டில் யாராவது வருவார்கள். ஆமாம், தெரியாது. நாற்று விற்றவர் உரக்கணக்கு சொன்னார், மருந்துக்கணக்கு சொன்னார், வாழைப்பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த அண்ணாச்சியிடம் மன்னிப்பு கேட்க வாய் வரவில்லை. பொங்கலுக்கு ஒரு பெட்டி சும்மா அனுப்பினேன். அதற்கும் கணக்குப் பார்த்து காசு போட்டுவிட்டார்.

2020 மார்ச் ஊரடங்கைப் பற்றிப் பேச வேண்டாம். பூத்த பூவை வெட்டி வெட்டிக் குழியில் கொட்டினோம். வெட்டாமல் விட்டால் செடி கெட்டுவிடும் என்பதற்காக, கூலி கொடுத்து.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மலையில் இருப்பவனுக்கு மே மாதம் வந்தால் சொந்தக்காரர்கள் தொல்லை தாங்காது. வருஷம் முழுக்கப் பேசாத ஒன்றுவிட்ட மாமா பையன், "மாப்ள, ரூம் எல்லாம் ஃபுல்லு, உங்க வீட்லயே தங்கிக்கிறோம்" என்பான். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டி மலை ஏற இ-பாஸ் வேறு வந்துவிட்டதா, "நீ லோக்கல்தானே, பாஸ் எடுத்துக் குடு" என்கிறான். என்னமோ நான்தான் கலெக்டர் மாதிரி. போகும்போது அவன் வீட்டுக்காரி இரண்டு கட்டுப் பூவை அள்ளிக்கொண்டு, "வீட்ல விளையறதுதானே" என்று ஒரு சிரிப்பு. ஒரு பூ வர ஐந்து மாதம் ஆகிறதம்மா.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எனக்கு லாபம் வந்தது, நாலாவது வருஷத்திலிருந்து. அதற்குள் ஷீட் மாற்றுகிற செலவும் வந்து நின்றது. கடன் இல்லாமல், வீட்டில் இரண்டு பேர் தினமும் நின்று பார்க்க முடியும் என்றால் இறங்குங்கள். ஆள் வைத்து போனில் விவசாயம் என்றால் வேண்டாம், தேயிலையையே குத்தகைக்கு விடுங்கள். முதல் தடவையே அரை ஏக்கருக்கும் கூரை போடாதீர்கள். பத்து சென்ட் போதும்.

இன்னொன்று, நிலம் மேட்டிலா பள்ளத்திலா என்று நீங்கள் எழுதவில்லை. குளிர்காற்று தண்ணீர் மாதிரிப் பள்ளத்துக்குத்தான் வந்து தேங்கும். எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற நிலத்தில் புல் வெள்ளையாகக் கிடக்கிற காலையில் எங்கள் மேட்டில் வெறும் ஈரம்தான் இருக்கும். ஜனவரியில் ஒரு நாள் விடிவதற்கு முன்னால் உங்கள் நிலத்தில் போய் நின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள், மிச்சத்தைப் பேசுவோம்.