எதிரியின் கையில் அணுகுண்டு: தலைவரே போய்ப் பேசலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அணுகுண்டைக் காட்டி மிரட்டும் ஆட்சியாளரோடு இன்னொரு நாட்டுத் தலைவர் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டால், மிரட்டலுக்குப் பரிசு கொடுத்தது போல ஆகாதா?

பதில்: ஓரளவு ஆகும். வட கொரியாவை ஆண்ட மூன்று தலைமுறையில், பதவியிலிருக்கும் அமெரிக்க அதிபரை முதன்முதலில் சந்தித்தவர் கிம் ஜோங் உன்தான். 2018 ஜூன் 12 அன்று சிங்கப்பூரில் அவர் அமெரிக்க அதிபர் டிரம்பைச் சந்தித்தபோது இரு நாட்டுக் கொடிகளும் சமமாக அணிவகுத்து நின்ற காட்சி அவருக்கு உள்நாட்டில் பெரிய மதிப்பைத் தேடித் தந்தது.

ஆனால் சந்திக்காமல் இருந்த காலத்தில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 2006 அக்டோபர் 9 முதல் 2017 செப்டம்பர் 3 வரை வட கொரியா ஆறு முறை அணுகுண்டைச் சோதித்தது. ஆறும் இரு நாட்டுத் தலைவர்களும் முகம் பார்க்காத காலத்தில் நடந்தவை. கைகுலுக்க மறுத்ததால் அங்கே ஓர் உலைகூட நின்றுவிடவில்லை. எனவே பேச வேண்டும் என்பதே என் கருத்து. எப்போது, எதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது என்பதில்தான் பெரும்பாலான தலைவர்கள் சறுக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் கோலாகலமாகத் தொடங்கிய டிரம்ப்–கிம் பேச்சு, ஒன்பது மாதம்கூட ஆகாமல் வியட்நாம் தலைநகர் ஹனோயில் முறிந்தது ஏன்?

பதில்: விதை சிங்கப்பூரிலேயே விழுந்துவிட்டது. அங்கே கையெழுத்தான கூட்டறிக்கையில் நான்கே அம்சங்கள். நான்காவது, கொரியப் போரில் இறந்த அமெரிக்க வீரர்களின் எச்சங்களைத் திருப்பித் தருவது. யார், எதை, யாரிடம் தர வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. ஜூலை 27-ஆம் தேதியே 55 பெட்டிகள் வந்து சேர்ந்தன. மூன்றாவது அம்சம், ‘கொரியத் தீபகற்பத்தை அணு ஆயுதமற்றதாக்கப் பாடுபடுவது’. இதை வாஷிங்டன், ‘வட கொரியா தன் குண்டுகளை ஒப்படைக்கும்’ என்று படித்தது. பியோங்யாங்கோ, ‘தீபகற்பத்தைச் சுற்றியுள்ள அமெரிக்க அணு அச்சுறுத்தலும் விலக வேண்டும்’ என்று படித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வட கொரிய அரசுச் செய்தி நிறுவனம் இதை வெளிப்படையாகவே எழுதியது. கெடு தேதியோ, சரிபார்ப்பது யார் என்பதோ, எந்தெந்த ஆலைகள் என்பதோ அந்த வாசகத்தில் இல்லை. ஒரே காகிதத்தில் தெளிவாக எழுதியது ஆறே வாரத்தில் நடந்தது, மூடுமந்திரமாக எழுதியது நடக்கவேயில்லை.

இன்னொரு தவறும் அன்றே நடந்தது. தென் கொரியாவுடன் நடத்தும் கூட்டு ராணுவப் பயிற்சியை நிறுத்துவதாக டிரம்ப் செய்தியாளர்களிடம் அறிவித்தார். இது கூட்டறிக்கையில் இல்லை. அவர் சொன்னதன் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று தென் கொரியப் பாதுகாப்பு அமைச்சகமே சொல்ல நேர்ந்தது. பதிலுக்கு எதையும் எழுத்தில் வாங்காமல், தோழமை நாட்டிடமும் சொல்லாமல் கொடுத்த சலுகை அது.

அடுத்தது ஹனோய், 2019 பிப்ரவரி 27, 28. அதற்கு முன் இரு தரப்பு அதிகாரிகளும் சந்தித்தார்கள். ஆனால் அணு ஆயுதம் பற்றிப் பேச வட கொரிய அதிகாரிகளுக்கு அதிகாரம் தரப்படவில்லை. அதைத் தலைவரே பேசுவார் என்ற நிலை. இதனால் மையப் பிரச்சினை ஒரு வரிகூட எழுதப்படாமல் தலைவர்களின் மேசைக்கு வந்தது.

கிம் வைத்த பேரம் இது: எங்கள் முக்கிய அணு வளாகமான யோங்பியோனில், குண்டுக்கு மூலப்பொருளான புளூட்டோனியம், யுரேனியம் தயாரிக்கும் ஆலைகளை அமெரிக்க வல்லுநர்கள் முன்னிலையில் நிரந்தரமாகக் கலைக்கிறோம், பதிலுக்கு ஐ.நா. தடைத் தீர்மானங்கள் 11-இல் ஐந்தை மட்டும் பகுதியாகத் தளர்த்துங்கள். ஐந்து என்பது பாதிக்கும் குறைவாகத் தெரியும். ஆனால் அவை 2016, 2017-இல் வந்தவை. நிலக்கரி, இரும்புத் தாது, கடல் உணவு, ஜவுளி ஏற்றுமதியைத் தடுத்ததும், சுத்திகரித்த எண்ணெய் இறக்குமதியை ஆண்டுக்கு 5 லட்சம் பீப்பாய் என்று மட்டுப்படுத்தியதும் அந்தக் காலத் தீர்மானங்கள்தான். பொருளாதாரத்தை இறுக்கிப் பிடித்திருந்த முடிச்சே அங்கேதான் இருந்தது. அமெரிக்காவோ, யோங்பியோனுக்கு வெளியே உள்ள செறிவூட்டல் ஆலையும் (யுரேனியத்தைக் குண்டுக்கு ஏற்றதாக்கும் ஆலை) கணக்கில் வர வேண்டும் என்றது. மதிய விருந்தும் கையெழுத்து நிகழ்ச்சியும் ரத்தாயின.

இந்த இடைவெளி நிரப்ப முடியாததல்ல. ஒரு பகுதி ஆலைக்கு ஒரு பகுதித் தளர்வு, வாக்குத் தவறினால் தடை தானாகத் திரும்பும் என்ற விதி, வெளி ஆலைகளுக்கு ஒரு கால அட்டவணை என்று அதிகாரிகள் பல மாதம் உட்கார்ந்து பிரித்துப் பிரித்துக் கணக்குப் போட்டிருக்கலாம். தலைவர்கள் அதை ஒரு முற்பகலில் முடிக்க முயன்றார்கள். அதிகாரி ‘முடியாது’ என்றால் மேலே இருப்பவர் திருத்தலாம். தலைவர் ‘முடியாது’ என்றபின் திருத்த ஆளில்லை. அந்த அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் கூடிய அதிகாரிகளின் பேச்சு ஒரே நாளில் முறிந்தது.

கேள்வி: அப்படியானால் அதிகாரிகளே பேசி முடிக்கட்டுமே, தலைவர் எதற்கு?

பதில்: அதிகாரிகளால் தாண்ட முடியாத சுவர் ஒன்று உண்டு. அமெரிக்காவும் சீனாவும் 1955 முதல் 1970 வரை தூதர்கள் மட்டத்தில் 136 முறை சந்தித்தன. உறவு பெரிதாக அசையவில்லை. இடையில் 1964-இல் சீனா அணுகுண்டையும் வெடித்துவிட்டது. 1971 ஜூலையில் அமெரிக்க அதிபர் நிக்சனின் ஆலோசகர் கிஸ்ஸிங்கர் ரகசியமாகப் பெய்ஜிங் போய், 1972 பிப்ரவரியில் நிக்சனே நேரில் போன பிறகுதான் கதவு திறந்தது.

ஆனால் நிக்சன் வெறுங்கையோடு போகவில்லை. முந்தைய அக்டோபரிலேயே கிஸ்ஸிங்கர் மறுபடி போய்க் கூட்டறிக்கையின் பெரும்பகுதியை எழுதிவிட்டார். ஒத்துப்போகாத விஷயங்களை மழுப்பாமல், இரு தரப்பும் தத்தம் நிலையைத் தனித்தனிப் பத்தியில் எழுதுவது என்ற சீனப் பிரதமர் சூ என்லாயின் யோசனை அப்போது வந்ததுதான். பயணத்தின்போது மிச்சமிருந்தது, முக்கியமாகத் தைவான் பற்றிய வாசகம்.

இதுதான் சரியான முறை என்பேன். ராஜதந்திரிகள் வரைவில் உடன்படாத சொற்களைச் சதுர அடைப்புக்குள் வைப்பார்கள். தலைவர் விமானம் ஏறுமுன் அடைப்புகள் இரண்டு மூன்றாகக் குறைந்திருக்க வேண்டும், அவையும் அரசியல் துணிச்சல் ஒன்றால் மட்டுமே நீங்கக்கூடியவையாக இருக்க வேண்டும். முக்கியச் சொற்களுக்கு இரு மொழியிலும் ஒரே பொருள்தானா என்று மொழிபெயர்ப்பாளர்கள் முன்கூட்டியே ஒப்பிட வேண்டும். தனிச் சந்திப்பிலும் சொந்த மொழிபெயர்ப்பாளரும் குறிப்பெடுப்பவரும் கூட இருக்க வேண்டும். பேச்சு முறிந்தால் அதிகாரிகள் எந்தத் தேதியில் எங்கே மீண்டும் கூடுவார்கள் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

தயாரிப்பில்லாத சந்திப்புக்கு 1961 ஜூன் வியன்னா ஓர் எடுத்துக்காட்டு. ‘ஆளை அளந்து பார்க்கிறேன்’ என்ற நோக்கில் போன அமெரிக்க அதிபர் கென்னடியிடம், பெர்லின் விவகாரத்தில் ஆறு மாதக் கெடு வைத்தார் சோவியத் தலைவர் குருஷ்சேவ். ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது.

ஐஸ்லாந்து தலைநகர் ரெய்க்யவிக் கொஞ்சம் வேறு மாதிரி. 1986 அக்டோபரில் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் அங்கே கூடியதும் தோல்விதான். விண்வெளி ஏவுகணைத் தடுப்பு ஆராய்ச்சியை ஆய்வகத்துக்குள் நிறுத்துவதா என்பதில் முறிந்தது. ஆனால் இரு தரப்பு வல்லுநர்களும் அங்கே ஓர் இரவு முழுக்கக் கண்விழித்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். அந்தக் கணக்கு வீணாகவில்லை. 1987 டிசம்பர் 8 அன்று நடுத்தர தூர ஏவுகணை ஒப்பந்தம் கையெழுத்தானது, 1991-க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன.

கேள்வி: 1994-லும் அமெரிக்காவுடன் வட கொரியா ஒப்பந்தம் போட்டதே! ஏமாற்றத்தானே செய்தார்கள்?

பதில்: ஏமாற்றினார்கள், உண்மை. ஆனால் முழுக் கதை அதுவல்ல. 1994 ஜூனில் முன்னாள் அதிபர் கார்ட்டர் பியோங்யாங் போய் அப்போதைய வட கொரியத் தலைவர் கிம் இல் சுங்கைச் சந்தித்தார். அக்டோபர் 21 அன்று ஜெனீவாவில் ஒப்பந்தமானது. யோங்பியோன் உலையையும் கட்டுமானத்திலிருந்த இரண்டு பெரிய உலைகளையும் வட கொரியா முடக்க வேண்டும். பதிலுக்கு, குண்டு தயாரிக்க எளிதில் உதவாத வகையில் மொத்தம் சுமார் 2,000 மெகாவாட் திறனுள்ள இரண்டு மின் உலைகளை 2003-ஐ இலக்காக வைத்துக் கட்டித் தருவது, அதுவரை ஆண்டுக்கு 5 லட்சம் டன் எரியெண்ணெய் அனுப்புவது.

எட்டு ஆண்டுகள் யோங்பியோனில் புளூட்டோனியம் பிரித்தெடுப்பது நின்றது. முத்திரைகளும் கேமராக்களும் ஆய்வாளர்களும் அங்கேயே இருந்தார்கள். அதே சமயம் பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கானின் ரகசிய வலையமைப்பிடமிருந்து யுரேனியம் செறிவூட்டும் நுட்பத்தை வட கொரியா ரகசியமாக வாங்கிக்கொண்டிருந்தது. மறுபக்கம் எண்ணெய் பல முறை தாமதமாகவே போனது. மின் உலைக்கு முதல் கான்கிரீட் ஊற்றியதே 2002 ஆகஸ்டில்தான்.

2002 அக்டோபரில் செறிவூட்டல் விவகாரம் வெடித்தது. நவம்பரில் எண்ணெயை நிறுத்த முடிவானது. டிசம்பரில் ஆய்வாளர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2003 ஜனவரி 10 அன்று அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாக வட கொரியா அறிவித்தது. முத்திரையிட்டு வைத்திருந்த, புளூட்டோனியம் பிரித்தெடுக்கக்கூடிய சுமார் 8,000 எரிபொருள் தண்டுகளும் அதன் கைக்குப் போயின. செறிவூட்டல், குண்டை எட்டப் பல ஆண்டு பிடிக்கும் பாதை. புளூட்டோனியம் உடனடி ஆபத்து. தொலைவில் இருந்த ஆபத்துக்காக, கைக்குள் அடங்கியிருந்த ஆபத்தை அவிழ்த்துவிட்டதை இன்றும் பெரும் பிழையாகவே கருதுகிறேன். செறிவூட்டலுக்குத் தனிப் பேச்சு நடத்திக்கொண்டே முடக்கத்தைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

கேள்வி: அவர்கள் சொல்வது உண்மையா என்று எப்படித்தான் சரிபார்ப்பது?

பதில்: புளூட்டோனியத்தில் பொய் சொல்வது கடினம். சுமார் 90 கிராம் மட்டுமே, அதுவும் ஒரே முறைதான் பிரித்தோம் என்று 1992-இல் வட கொரியா சொன்னது. சர்வதேச அணுசக்தி முகமை அங்கே எடுத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, பல முறை பிரித்தெடுத்த தடயம் கிடைத்தது. உலை ஓடினால் வெப்பமும் நீராவியும் செயற்கைக்கோளுக்குத் தெரியும். தண்டுகளைக் கரைத்தால் கிரிப்டான்-85 வாயு காற்றில் கலக்கும்.

யுரேனியம் செறிவூட்டலில் இப்படிப்பட்ட அடையாளம் மிகக் குறைவு. 2010 நவம்பரில் யோங்பியோனுக்கு வந்த அமெரிக்க விஞ்ஞானி சீக்ஃபிரீட் ஹெக்கருக்குச் சுமார் 2,000 சென்ட்ரிஃபியூஜ்கள் (யுரேனியத்தைச் செறிவூட்டும் சுழல் இயந்திரங்கள்) நின்ற கூடத்தை வட கொரியர்களே காட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்து அதற்குமுன் யாரும் அதை உறுதிப்படுத்தியிருக்கவில்லை. ஒரு குண்டுக்குப் போதுமானதாக முகமை கணக்கில் கொள்ளும் அளவு 8 கிலோ புளூட்டோனியம், அல்லது உயர் செறிவு யுரேனியத்தில் 25 கிலோ யுரேனியம்-235. இவ்வளவு சிறிய சரக்கைத் தேட வேண்டியிருப்பதால், அறிவித்த ஆலைகளை மட்டும் பார்ப்பது போதாது. அறிவிக்காத இடத்துக்கும் குறுகிய அவகாசத்தில் போகும் உரிமை வேண்டும்.

முதல் நாளே முழுப் பட்டியல் கேட்பதும் பலிக்காது. போர் நிலையிலுள்ள நாடு அதைத் தாக்குதலுக்கான இலக்குப் பட்டியலாகவே பார்க்கும். ஒரு வளாகம், அதன் பதிவேடுகள், அதன் மாதிரிகள், பிறகு அடுத்த வளாகம் என்று போவதே நடைமுறைக்கு ஒத்துவரும். 1987 ஒப்பந்தத்தில் சோவியத் வோட்கின்ஸ்க் ஆலை வாசலில் அமெரிக்க ஆய்வாளர்களும், யூட்டா மாநில மாக்னா ஆலை வாசலில் சோவியத் ஆய்வாளர்களும் தங்கிச் சோதித்தார்கள். பரம எதிரிகளும் இதற்குச் சம்மதிக்க முடியும்.

கேள்வி: எதிரி நாட்டுத் தலைவர்களை நேரடியாக இணைக்கும் ஹாட்லைன் என்பது சிவப்பு நிறத் தொலைபேசிதானே?

பதில்: இல்லை. 1963 ஆகஸ்டில் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே இயங்கத் தொடங்கியது, எழுத்தாகத் தகவல் அச்சிடும் டெலிபிரிண்டர். அவரவர் மொழியில் எழுத்தில் அனுப்புவார்கள், பெறுபவர் மொழிபெயர்த்துக்கொள்வார். நெருக்கடியில் குரலின் தொனியையும் அவசர மொழிபெயர்ப்பையும் நம்பக்கூடாது என்பதே காரணம்.

கேள்வி: லிபியா, உக்ரைன் கதியைப் பார்த்த பிறகு எந்த நாடு அணு ஆயுதத்தைக் கைவிடும்?

பதில்: அண்மையில் எதுவும் கைவிடாது என்றே நினைக்கிறேன். லிபியா 2003-இல் தன் திட்டத்தைக் கைவிட்டது, 2011-இல் கடாஃபி கொல்லப்பட்டார். உக்ரைன் 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் எழுத்து மூலம் பாதுகாப்பு உறுதிமொழி வாங்கிக்கொண்டு தன் மண்ணிலிருந்த சோவியத் ஆயுதங்களை ரஷ்யாவுக்கு அனுப்பியது, 2014-இல் கிரிமியாவை இழந்தது. இரண்டையும் பியோங்யாங் கவனமாகப் படித்திருக்கும்.

ஆகவே முழுக் கைவிடலை முதல் நிபந்தனையாக வைத்தால் பேச்சே தொடங்காது. தவறிப்போய்ப் போர் மூளாமல் பார்த்துக்கொள்ளும் சிறிய ஒப்பந்தங்கள் இப்போதே சாத்தியம். இந்தியாவும் பாகிஸ்தானும் 2005 அக்டோபர் 3 அன்று செய்த உடன்பாட்டின்படி, பாலிஸ்டிக் (உயரே எழும்பி வளைந்து விழும்) ஏவுகணைச் சோதனைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே மறு தரப்புக்குச் சொல்ல வேண்டும். ஏவும் இடம் எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள்ளும், விழும் இடம் 75 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கக்கூடாது. ஒன்றன் அணு நிலையத்தை மற்றது தாக்குவதில்லை என்ற 1988 உடன்பாட்டின்படி, 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் பட்டியல் கைமாறுகிறது. கார்கில் சண்டைக்குப் பிறகும் அது நிற்கவில்லை. இவற்றிலும் ஓட்டை உண்டு. 2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து தவறுதலாகப் பறந்து பாகிஸ்தானில் விழுந்தது, விமானம் போலப் பறக்கும் குரூஸ் வகை ஏவுகணை, 2005 உடன்பாடோ பாலிஸ்டிக் வகைக்கு மட்டும்தான். இந்தியா பகிரங்கமாக விளக்கம் தர இரண்டு நாள் ஆயிற்று. அந்த ஓட்டையை அடைக்கத் தலைவர்கள் கூட வேண்டியதில்லை, இரு தரப்பு அதிகாரிகளே போதும்.

கேள்வி: பேச்சு முழுக்க முறிந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்: தொலைபேசியை மட்டுமாவது எடுக்க வேண்டும். இரு கொரியாக்களின் அதிகாரிகள் தினமும் காலையும் மாலையும் சோதனை அழைப்பு வைத்திருந்தார்கள். 2023 ஏப்ரலில் வட கொரியா அதை எடுப்பதை நிறுத்தியது. 2013-இல் இரு கொரியா எல்லையிலுள்ள பன்முன்ஜோமில் ஐ.நா. படைப்பிரிவோடு இருந்த தொடர்பும் அறுந்து, 2018 வரை அப்படியே கிடந்தது. அந்த ஆண்டுகளில் ஏதாவது தகவல் சொல்ல வேண்டியிருந்தால், ஐ.நா. தரப்பு வீரர் எல்லைக்கோட்டருகே போய் நின்று கையடக்க ஒலிபெருக்கியில் உரக்கப் படிப்பார். எதிரே நிற்கும் வட கொரிய வீரர்கள் அதைப் பதிவு செய்துகொண்டு போவார்கள்.