இருபது நிமிடத்தில் முடிந்துபோன பாடம்

கேள்வி: அம்மா, தாவரவியலில் முதுகலை முடித்துவிட்டு, மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் ஆசிரியராவதற்கான பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குச் சென்று முதன்முறையாக ஒளிச்சேர்க்கை பாடம் எடுத்தேன். நாற்பது நிமிடத்துக்குத் தயாரித்த பாடம் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. “சந்தேகம் இருக்கிறதா?” என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. விலங்கியலோ பெரும்பாலும் மறந்துவிட்டது. இந்த வேலைக்கு நான் ஏற்றவள்தானா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதல் வகுப்பு அப்படி முடிந்தால் மனம் எவ்வளவு வாடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் கடிதத்தில் தகுதிக் குறைவு எதுவும் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குப் பாடம் தெரிந்திருந்தது. அந்தப் பாடத்தைப் பற்றி மாணவர்கள் ஏற்கெனவே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்கவில்லை. பட்டப்படிப்பில் அதை யாரும் சொல்லித் தருவதில்லை. 1986இல் லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் இதற்குத் தனி இடம் கொடுத்து எழுதினார். பாடத்தை அறிவதும் பொதுவாகக் கற்பிக்கத் தெரிவதும் போதாது; இந்தப் பாடத்தில் மாணவர் எந்த இடத்தில் இடறுவார், அங்கே எந்த உதாரணம் கைகொடுக்கும் என்று அறிவதும் ஆசிரியரின் அறிவுதான் என்றார். பயிற்சிக் காலத்தில் நீங்கள் சேர்க்க வேண்டிய செல்வம் அது.

உங்கள் ஒளிச்சேர்க்கையையே எடுத்துக்கொள்வோம். சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதும் மாணவரிடம், “இவ்வளவு பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். “மண்ணிலிருந்து” என்பார். வான் ஹெல்மான்ட் என்ற வேதியியல் அறிஞர் இதற்காகச் செய்த சோதனை 1648இல் அச்சில் வந்தது. 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று ஒன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறக்குறைய 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்ததோ 2 அவுன்ஸ் அளவுதான். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நீங்கள் பேசாமல் நில்லுங்கள். மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அவர் எங்கே தவறினார் என்று மாணவர்கள் தேடட்டும். மரத்தின் உலர் எடையில் பெரும்பகுதி காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடிலிருந்து வந்தது என்ற இடத்துக்கு அவர்களே வந்து சேரும்போது வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அதற்காகவே நான் இந்தப் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் ஆவலோடு எதிர்பார்த்திருந்தேன்.

“சந்தேகம் இருக்கிறதா?” என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். குழம்பியிருப்பவருக்குத் தன் சந்தேகம் எது என்றே தெரியாது. “செடி பகலில் சுவாசிக்குமா?” என்பது போல, பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வியாகக் கேளுங்கள், இரவில் மட்டும்தான் சுவாசிக்கும் என்று நம்புபவர்கள் அதில் வெளிப்படுவார்கள். கேட்டபின் காத்திருங்கள். ஆசிரியர்கள் பதிலுக்காக ஒரு நொடியளவே காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்து காட்டினார். மூன்று நொடி பொறுத்தாலே பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். முன்னால் நிற்பவருக்கு மூன்று நொடி மிக நீளம். மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

விலங்கியல் மறந்தது பெரிய குறையில்லை. பாடம் எடுப்பதற்கு முந்தைய வாரம் மறுபடி படித்துக்கொள்ளலாம். சிறுநீரகத்தின் நுண்வடிகட்டியான நெஃப்ரானையும் இதயத்தையும் புத்தகம் பார்க்காமல் வரைய வருகிறதா என்று சோதித்துக்கொண்டால் போதும். மரபியலில்தான் கூடுதல் கவனம் வேண்டும். பெற்றோரில் ஒருவரிடமிருந்து கிடைத்தாலே வெளிப்படும் பண்புதான் ஓங்கு பண்பு. அதை அதிகம் பேரிடம் காணப்படும் பண்பு என்று மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கூடுதல் விரலோடு பிறப்பது பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகவே கடத்தப்படுகிறது. ஆனாலும் அது அரிது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெற்றோரின் ரத்த வகையைக் கேட்டு எழுதிவரச் சொல்லாதீர்கள். தத்தெடுக்கப்பட்ட குழந்தையோ, வீட்டில் யாரும் பேசாத ஓர் உண்மையோ அந்தத் தாளில் வெளிப்பட்டுவிடலாம். கற்பனைக் குடும்பம் ஒன்றை நீங்களே உருவாக்கிக் கொடுங்கள்.

செய்முறை எதுவாக இருந்தாலும் அதே பள்ளியில், அதே கருவிகளைக் கொண்டு, முந்தைய நாளே ஒருமுறை செய்துவிடுங்கள். நீர்த்தாவரத்தில் ஆக்சிஜன் குமிழி வருவதைக் காட்டப்போய், குமிழியே வராமல் நான் நின்றதுண்டு. கொதிக்கவைத்து ஆறிய நீரை ஊற்றியிருந்தேன். அதில் கரைந்திருந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிட்டிருந்தது. ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்து விளக்கை அருகே நகர்த்தியதும் குமிழிகள் வரத் தொடங்கின. வராத காரணத்தை அன்று மாணவர்களோடு சேர்ந்தே தேடினேன்; அந்த வகுப்புக்கு ஒளிச்சேர்க்கை மறக்கவே இல்லை.

வழிகாட்டி ஆசிரியரின் வகுப்பில் உட்காரும்போது அவரையே பார்த்துக்கொண்டிராமல், கடைசி வரிசையிலிருந்து மாணவர்களின் நோட்டுகளைக் கவனியுங்கள். அவர் சொன்னது ஒன்று, அங்கே எழுதப்படுவது வேறொன்றாக இருக்கும். அடுத்த வகுப்பின் இறுதியில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, மரத்தின் எடை பற்றிய கேள்விக்கு ஆளுக்கொரு சீட்டில், பெயர் போடாமல், இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். அன்று மாலை அவற்றைப் படித்துவிட்டு அதற்கடுத்த பாடக்குறிப்பை எழுத உட்காருங்கள். நாற்பது நிமிடம் போதவில்லை என்று எனக்கு மறுபடி எழுதுவீர்கள். அந்தக் கடிதத்துக்காகக் காத்திருக்கிறேன்.