இறந்தவர் பேசினால் மர்மம் ஏது?

கேள்வி: ரத்தமும் கொடூரமும் இல்லாத துப்பறியும் நாவல் ஒன்றைக் கேட்டேன். பிணத்தைத் தொட்டு அதன் நினைவை அறியும் ஒருவர் துப்பறிகிற ஆங்கில மிகுபுனைவு நாவலைத் தோழி பரிந்துரைத்தார். அத்தகைய சக்தி இருந்தால் கொலையாளி முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட மாட்டாரா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: சாரா மோனெட், கேத்தரின் அடிசன் என்ற புனைபெயரில் எழுதி 2021-இல் வெளியான ‘தி விட்னஸ் ஃபார் தி டெட்’ நாவலைத்தான் தோழி சொல்லியிருக்க வேண்டும். உங்கள் ஐயம் மிகப் பழையது. பாதிரியாரும் எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் துப்பறியும் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளில் இரண்டாவது, இயற்கையை மீறிய சக்திகளுக்கு அவற்றில் இடமில்லை என்பதே. விதியை மீறினாலும் இந்நாவல் வாசகரை ஏமாற்றவில்லை. ஏனெனில், அந்தச் சக்திக்கு ஆசிரியர் கறாரான எல்லை வகுத்திருக்கிறார். அமலோ நகரத்தில் வாழும் செலஹார் என்ற சமயகுருவுக்குக் கிடைப்பவை சாகும் தறுவாயின் மங்கலான நினைவுகள் மட்டுமே. நாளாக ஆக அவையும் அழிந்துவிடும். கால்வாயில் பிணமாகக் கிடைத்த ஓபரா பாடகியின் நினைவு, அவர் கொல்லப்பட்டார் என்பதைச் சொல்கிறதே தவிர, கொன்றவர் யார் என்பதைச் சொல்வதில்லை.

ஆகவே உயிரோடு இருப்பவர்களிடம்தான் அவர் போயாக வேண்டும். அந்தப் பாடகியோ பலரைப் புண்படுத்தி, பலருடைய வெறுப்பையும் சம்பாதித்தவர். அப்படிப்பட்டவருக்காகவும் செலஹார் மனம் சலிக்காமல் தெருத்தெருவாக அலைவதுதான் இந்நாவலின் உயிர் என்பேன். நல்லவர்களின் சாவுக்கு மட்டும் நீதி கேட்பது அவருடைய பணி அல்ல. இறந்தவர் யாராயினும் அவர் சார்பில் சாட்சி சொல்வதே அவருடைய பதவி. தாம் நேசித்தவரே செய்த கொலையைக் கண்டறிந்து, அதற்காக அவர் மரண தண்டனை பெறுவதையும் பார்க்க நேர்ந்த துயரத்தைச் சுமப்பவர் என்பதால், எவரையும் மிரட்டாமல், பொறுமையாகக் கேட்டே உண்மையை நெருங்குகிறார்.

தேநீர்க் கடைகளும் மனுக்களோடு காத்திருக்கும் எளிய மக்களுமாக நாவல் நிதானமாக நகர்கிறது. பிணந்தின்னிப் பேய் வரும் ஒரு பகுதி மட்டும் சற்று அச்சமூட்டும். அதைப் பகலில் படித்துவிடுங்கள். செலஹார் முதலில் தோன்றுவது 2014-இல் வந்த ‘தி காப்ளின் எம்பரர்’ நாவலில்தான் என்றாலும், அதைப் படிக்காமலே இதைத் தொடங்கலாம். நீண்ட பெயர்களும் மரியாதை விளிகளும் தொடக்கத்தில் குழப்பும். ஒரு தாளில் குறித்துவைத்துக்கொண்டால் போதும். பிடித்துப்போனால், 2022-இலும் 2025-இலும் வெளியான இரண்டு தொடர்ச்சிகள் இருக்கின்றன.