‘தி எண்ட்லெஸ் ரிவர்’: ரிச்சர்ட் ரைட்டைக் கேட்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் ‘தி எண்ட்லெஸ் ரிவர்’ ஆல்பத்தைச் சென்ற வாரம்தான் முழுமையாகக் கேட்டேன். ஏமாற்றமே மிஞ்சியது. வரிகளோடு பாடப்பட்ட பாடல் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் பழைய ஒலிப்பதிவின் மிச்சம் மீதி. ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ தந்தவர்கள் இப்படியா முடிக்க வேண்டும்? பாடல் வரிகளில் பெரும்பகுதியை எழுதி, பிறகு குழுவிலிருந்து விலகிய ரோஜர் வாட்டர்ஸ் இல்லாத ஃபிளாய்ட் ஃபிளாய்டுதானா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் அதே ஆல்பத்தைத்தான் சில நாட்களாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாட்டர்ஸா, அவர் போனபின் குழுவை நடத்திய கிட்டார் கலைஞர் டேவிட் கில்மரா என்ற வழக்குக்குள் நான் வரவில்லை. அந்தச் சத்தத்தில் இன்னொருவரைக் கேட்காமலே விட்டுவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட்டின் பெயர் உங்கள் கடிதத்தில் ஓரிடத்தில்கூட இல்லை. அவர் நினைவுக்காகவே உருவான ஆல்பத்தைப் பற்றி அவரைச் சொல்லாமல் எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

பள்ளி நாட்களில், நண்பனின் அண்ணன் வைத்திருந்த ஒரு கேசட்டில் ‘எக்கோஸ்’ கேட்டேன். 1971இல் வந்த, 23 நிமிடங்களுக்கு மேல் ஓடும் பாடல். தொடக்கத்தில் பியானோவின் ஒற்றைச் சுரம் தண்ணீரில் சொட்டு விழுவதுபோல ஒலித்து, நின்று, மறுபடி ஒலிக்கும். நாடாவில் ஏதோ கோளாறு என்று நினைத்து நிறுத்திவிட்டேன். ரைட் அந்தச் சுரத்தை வாசித்து, சுழலும் லெஸ்லி ஸ்பீக்கர் வழியாக அனுப்பியிருந்தார் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் அறிந்தேன். இன்றும் அந்த ஒலி வந்தால் கையிலிருக்கும் வேலையை வைத்துவிடுவேன்.

நீங்கள் கொண்டாடும் ‘டார்க் சைட்’ ஆல்பத்தில் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பாடலைத் தாங்கி நிற்கும் பியானோ அவருடையது. ‘அஸ் அண்ட் தெம்’ பாடலின் இசையும் அவர் கையில் பிறந்ததே. அப்படிப்பட்டவரை 1979இல் ‘தி வால்’ ஆல்பத்தின் ஒலிப்பதிவின்போது குழுவிலிருந்து விலக்கினார்கள். அதன் மேடை நிகழ்ச்சிகளில் அவர் சம்பளத்துக்கு வாசித்தார். 1983இல் வந்த ‘தி ஃபைனல் கட்’ ஆல்பத்தில் அவர் அறவே இல்லை. அதைக் கேட்டுப் பாருங்கள்: சொற்கள் நெருக்கியடித்து நிற்கும், மூச்சுவிட இடமிருக்காது. அந்த இடத்தை இத்தனை காலம் உண்டாக்கிக் கொடுத்தவர் யார் என்பது அப்போது புரியும்.

மிச்சம் மீதி என்கிறீர்கள். ரைட் 2008 செப்டம்பரில் இறந்தார். அதன் பிறகு கில்மரும் டிரம்ஸ் வாசிக்கும் நிக் மேசனும் 1993, 94ஆம் ஆண்டுகளில் ‘தி டிவிஷன் பெல்’ ஆல்பத்துக்காக மூவரும் சேர்ந்து வாசித்த பல மணி நேரப் பதிவுகளைத் திரும்பக் கேட்டு, தேர்ந்தெடுத்து, மேலும் வாசித்துச் சேர்த்து, 2014 நவம்பரில் கடைசி ஸ்டுடியோ ஆல்பமாக வெளியிட்டார்கள். போனவருடன் இன்னொரு முறை உட்கார்ந்து வாசிக்க அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அதில் பாட்டு குறைவு என்று கணக்குப் பார்ப்பது, மன்னியுங்கள், பொறுமையில்லாத காது.

‘ஆட்டம் ’68’ (Autumn ’68, அதாவது இலையுதிர்காலம்) என்ற, இந்த ஆல்பத்திலுள்ள சிறு துண்டைத் தனியாகக் கேளுங்கள். 1969இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலின் பெரிய ஆர்கனில், 25 வயது ரைட் வாசித்தது. ஒன்றரை நிமிடம்தான். ஹெட்ஃபோனில், இரவில் கேளுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.